"செக்"னு ஒரே வார்த்தை, எத்தனை அர்த்தம்? இங்கிலீஷ் சொல்லோட வேர தேடிப் பிடிக்க புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

போன லீவுல அக்கா பொண்ணு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. ஒன்பதாவது படிக்கறா, செஸ் நல்லா ஆடுவா. நான் ஒரு பக்கம் அவகூட ஆடிக்கிட்டே இன்னொரு பக்கம் வாடகைக்கு செக் எழுதிக்கிட்டிருந்தேன், தேதி போட்டு, தொகைய எழுத்துல எழுதி "மட்டும்"னு முடிக்கற நேரத்துல அவ குதிரைய தூக்கி வெச்சுட்டு "மாமா, செக்"ன்னா. சொன்னவ என் கையில இருந்த காகிதத்த பாத்துட்டு அவளே கேட்டா, "மாமா, அந்த செக்கும் இந்த செக்கும் ஒரே வார்த்தையா?"

அன்னிக்கு ராத்திரி சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் ரெண்டு பேரும் அந்த ஒரு கேள்விய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். அப்படி நாங்க பண்ணத அப்படியே படிப்படியா இங்க எழுதறேன். இங்கிலீஷ் கத்துக்கற நம்ம பசங்க முக்கால்வாசி பேர் ஒரு சொல்லுக்கு பத்து அர்த்தம்னா பத்தையும் மனப்பாடம் பண்ணி பரீட்சை முடிஞ்சதும் மறந்துடறாங்க. அந்த பத்தும் எங்கேருந்து கிளம்பி எந்த வழியா வந்துச்சுன்னு ஒரு தடவை பாத்துட்டா மறக்கவே மறக்காது, இத நான் ரொம்ப நம்பறேன். செக்க வெச்சு பழகுங்க, அப்புறம் எந்த சொல்ல வேணாலும் இதே மாதிரி தேடலாம்.

வேண்டியது ரொம்ப கம்மி. ஒரு நோட்டு, பேனா, ஃபோன்ல பூர்வீகம் போட்டிருக்கற ஒரு இங்கிலீஷ் டிக்ஷனரி. மெரியம் வெப்ஸ்டர் இலவசம், விக்ஷனரியும் இலவசம். ஆக்ஸ்ஃபோர்டோட பெரிய டிக்ஷனரி இருக்கு பாருங்க, 1884ல முதல் பகுதி வந்து 1928லதான் முழுசா முடிஞ்சுது, அதுக்கு சந்தா கட்டணும். ஆனா 1989ல வந்த 20 வால்யூம் பதிப்ப பெரிய லைப்ரரி எதுலயாவது பாத்தீங்கன்னா விடாதீங்க, ஒரு மத்தியானம் போய் உக்காருங்க.

முதல் படி, காதுல விழுந்தத எழுதறது

டிக்ஷனரிய உடனே திறக்காதீங்க. முதல்ல அந்த சொல்ல நீங்க எங்கெல்லாம் கேட்டிருக்கீங்களோ அத்தனையும் எழுதுங்க, சொல்ல மட்டும் இல்ல, முழு வாக்கியமா. நாங்க எழுதினது இப்படி இருந்துச்சு: "கேஸ் ஆஃப் பண்ணிட்டனான்னு செக் பண்ணு." "பஸ்ல செக்கிங் ஏறிட்டாங்க, டிக்கெட்ட எடு." "செக் பவுன்ஸ் ஆயிடுச்சு." "செக்போஸ்ட்ல அரைமணி நேரம் நிக்க வெச்சுட்டாங்க." "ரூம் செக்-அவுட் பன்னெண்டு மணிக்கு." "செக்டு சட்டை எடுக்கவா ப்ளெயினா எடுக்கவா." "டாக்டர்கிட்ட செக்கப்புக்கு போகணும்." "எம்எல்ஏவுக்கு கட்சிக்குள்ளேயே செக் வெச்சுட்டாங்க." அப்புறம் இங்கிலீஷ் படத்துல கேட்டது, அமெரிக்காவுல ஹோட்டல்ல சாப்பிட்டு முடிச்சதும் பில்லுக்கு பதிலா செக் கொண்டு வாங்கன்னு கேப்பாங்க, யாராவது வெளிய கூப்பிட்டா இன்னொரு நாள் வரேன்னு சொல்றதுக்கு ரெயின் செக்னு சொல்லுவாங்க.

எழுதினத இனம் இனமா பிரிங்க. எங்களுக்கு அஞ்சு கூடை வந்துச்சு: செஸ், நிறுத்தறது, சரிபாக்கறது, காசு சம்பந்தப்பட்ட சீட்டு, கட்டம்.

இந்த இடத்துல ஒரு சின்ன சண்டை வந்துச்சு எங்களுக்குள்ள. செக்போஸ்ட்ட எந்த கூடையில போடறது? அவ "நிறுத்தறது"ங்கறா, நான் "சரிபாக்கறது"ங்கறேன். வண்டிய நிறுத்தறாங்க, நிறுத்தி பேப்பர பாக்கறாங்க, ரெண்டும்தான நடக்குது. இப்படி எந்த கூடையில போடறதுன்னு தெரியாம ஒரு வாக்கியம் நின்னுச்சுன்னா அத அடிச்சு போட்டுடாதீங்க, சுத்தி ஒரு வட்டம் போட்டு வைங்க. ஒரு அர்த்தத்துலேருந்து இன்னொரு அர்த்தத்துக்கு சொல் நடந்து போன பாலம் அனேகமா அந்த வாக்கியத்துலதான் இருக்கும்.

ரெண்டாவது படி, இது ஒரே சொல்லா ரெண்டு சொல்லா

புதுசா வர்றவங்க அதிகமா வழுக்கற இடம் இதுதான். ஒலி ஒண்ணா இருந்தா சொல்லும் ஒண்ணுதான்னு நினைச்சிடுவோம். கிரிக்கெட் பேட்டையும் வவ்வால குறிக்கற பேட்டையும் எடுத்துக்குங்க, எழுத்தும் ஒண்ணு உச்சரிப்பும் ஒண்ணு, ஆனா ரெண்டுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. வவ்வாலுக்கு ஒரு காலத்துல இங்கிலீஷ்காரங்க "பாக்க"ங்கற மாதிரி ஒரு சொல்ல வெச்சிருந்தாங்க, அது காலப்போக்குல தேஞ்சு பேட் ஆயிடுச்சு, தடிய குறிக்கற பேட் வேற குடும்பம். டிக்ஷனரில இந்த மாதிரி சொற்களுக்கு பக்கத்துல சின்னதா 1, 2, 3ன்னு நம்பர் போட்டு தனித்தனி பதிவா குடுத்திருப்பாங்க. அந்த நம்பர் சும்மா அழகுக்கு இல்ல, "இது வேற வீட்டுப் பிள்ள"ன்னு சொல்ற அடையாளம்.

செக்க தேடினா, செஸ் ஆட்டத்து செக், நிறுத்தற செக், சரிபாக்கற செக், பேங்க் செக் எல்லாத்துக்கும் பூர்வீகம் ஒரே இடத்துக்குத்தான் போகுது. கட்டத்துக்கும் அப்படியே, கொஞ்சம் சுத்திப் போகும். ஆனா ப்ராக் நகரம் இருக்கற செக் நாடு இந்த குடும்பத்துல இல்ல, அது அந்த ஜனங்க தங்களுக்கே வெச்சுக்கிட்ட பேரு. நம்ம செக்கு? எண்ணெய் ஆட்டற செக்கு, கோயம்புத்தூர் ஜெயில்ல வ.உ.சி. இழுத்த செக்கு? அது நம்ம சொந்த தமிழ்ச் சொல், இங்கிலீஷ் செக்கோட ஒலி மட்டும்தான் இடிக்குது. அக்கா பொண்ணு இத கேட்டது நல்ல கேள்விதான், கேக்காம விட்டாத்தான் பின்னாடி யாராவது "எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்"னு சொல்லும்போது நம்பிடுவோம்.

மூணாவது படி, பூர்வீக வரிய படிக்கறது

டிக்ஷனரில அர்த்தத்துக்கு மேலயோ கீழயோ ஒரு குட்டி வரி இருக்கும், சுருக்கெழுத்தும் அம்புக்குறியுமா, பாத்ததும் பயமா இருக்கும். பயப்படாதீங்க, அது ஒரு பஸ் ரூட் மாதிரிதான். கடைசி ஸ்டாப்பு முதல்ல இருக்கும், அங்கேருந்து பின்னாடி பின்னாடி போகும். எம்-இன்னு இருந்தா மிடில் இங்கிலீஷ், அதாவது ஏறக்குறைய 1150லேருந்து 1500 வரைக்கும் பேசின இங்கிலீஷ். ஓ-எஃப்னா பழைய ஃபிரெஞ்ச். அப்புறம் அரபு, பாரசீகம், லத்தீன் இதுங்களோட சுருக்கம்.

செக்கோட ரூட்ட கடைசியிலேருந்து திருப்பிப் போட்டு படிச்சா இப்படி வரும். நம்ம நாட்டுல சதுரங்கம்னு ஒரு ஆட்டம், யானை குதிரை தேர் காலாள்னு நால்வகைப் படை, அதான் சமஸ்கிருதத்துல சதுர் அங்கம், நாலு அங்கம். அது பாரசீகத்துக்கு போய் சத்ரங் ஆச்சு. அரபுக்காரங்க பாரசீகத்த பிடிச்சப்போ ஆட்டமும் அவங்க கைக்கு வந்துச்சு, அவங்க வாய்ல அது ஷத்ரஞ்ச். பாரசீகத்துல எதிராளி ராஜாவ தாக்கற மாதிரி காய வெச்சா "ஷா!"ன்னு சத்தமா சொல்லணும், ஷான்னா ராஜா. ராஜா ஆபத்துல இருக்காரு பாத்துக்கோன்னு எதிராளிக்கு எச்சரிக்கை. இந்த "ஷா"தான் அரபு வழியா ஐரோப்பாவுக்குள்ள போய் லத்தீன்ல "ஸ்காக்குஸ்" ஆச்சு, அங்கேருந்து பழைய ஃபிரெஞ்ச்ல "எஸ்செக்", 1066ல ஃபிரெஞ்ச் பேசற நார்மன்காரங்க இங்கிலாந்த பிடிச்சதுக்கு அப்புறம் ஆயிரக்கணக்கான ஃபிரெஞ்ச் சொல்லோட சேந்து அங்க போய், முன்னாடி இருந்த "எஸ்" உதிர்ந்து "செக்". அந்த எஸ்செக்கோட பன்மைதான் தேஞ்சு "செஸ்" ஆச்சு. அதாவது செஸ்னா "ராஜாக்கள்"னுதான் அர்த்தம்!

அந்த "எ" எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சா எனக்கு எங்க பாட்டிதான் ஞாபகத்துக்கு வருவாங்க. பாட்டி ஸ்கூல்னு சொல்லவே மாட்டாங்க, "இஸ்கூல்"தான், ஸ்டேஷன் "இஸ்டேஷன்". ஸ-வுக்கு பின்னாடி உடனே இன்னொரு மெய் வந்தா நாக்குக்கு கஷ்டம், முன்னாடி ஒரு உயிரெழுத்து வெச்சுக்கிட்டா சுலபம். பழைய ஃபிரெஞ்ச்காரங்களும் இதையேதான் பண்ணாங்க. லத்தீன் "ஸ்கோலா" அவங்க வாய்ல "எஸ்கோல்", நம்ம பாட்டியோட இஸ்கூலேதான். இங்கிலீஷ்காரங்க பல சொற்கள்ல அந்த "எ"வ வெட்டி எடுத்துட்டாங்க, அதனாலதான் எஸ்டேட், ஸ்டேட்னு ரெண்டு சொல்லு, ரெண்டும் ஒரே ஃபிரெஞ்ச் சொல்லோட பிள்ளைங்க. எஸ்பெஷல், ஸ்பெஷல் ரெண்டும் அப்படியே. இத ஒரு தடவை கவனிச்சுட்டீங்கன்னா அப்புறம் டிக்ஷனரி இல்லாமலே பல சொற்களோட முகத்த அடையாளம் கண்டுபிடிச்சிடலாம்.

நேரம் இருந்தா பக்கத்து மொழிகளையும் ஒரு எட்டு பாருங்க. ஜெர்மன்ல இந்த ஆட்டம் "ஷாக்", இத்தாலியன்ல "ஸ்காக்கி", ரஷ்யன்ல "ஷாக்மதி", எல்லாம் ராஜா பேரு. ஸ்பானிஷ்ல மட்டும் "அஹெத்ரெத்", போர்ச்சுகீஸ்ல "ஷத்ரேஸ்", இந்த ரெண்டும் அரபு ஷத்ரஞ்ச் வழியா நம்ம சதுரங்கத்த இன்னும் பத்திரமா வெச்சிருக்கு.

நாலாவது படி, காலவரிசை

எந்த அர்த்தம் முதல்ல வந்துச்சுங்கறது நம்ம தினமும் எத அதிகமா உபயோகிக்கறோம்ங்கறத வெச்சு தெரியாது. நமக்கு செக்குன்னா முதல்ல சரிபாக்கறதுதான் தோணும், ஆனா அது கடைக்குட்டிகள்ல ஒண்ணு. இங்கிலீஷ்ல எழுத்துல கிடைக்கறதுல மூத்தது செஸ் ஆட்டத்து செக், 1300 வாக்குல. அந்த நூற்றாண்டுக்குள்ளேயே அது போர்டுலேருந்து இறங்கி வாழ்க்கைக்குள்ள வந்துடுச்சு, செக்னா திடீர் அடி, முன்னேற்றத்துக்கு விழுந்த தடை. தடுக்கறது, அடக்கி வெக்கறதுங்கற வினைச்சொல்லும் கூடவே. சரிபாக்கறதுங்கற அர்த்தம் 17ஆம் நூற்றாண்டு கடைசியில. காசு சீட்டு 18ஆம் நூற்றாண்டுல. சாமான் வெச்சுட்டு வாங்கற டோக்கன், ஹோட்டல் பில்லு, ரெயின் செக் இதெல்லாம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. ரெயின் செக் பேஸ்பால் மைதானத்துல பிறந்தது, ஆட்டம் மழையால நின்னா டிக்கெட் துண்ட வெச்சுக்கிட்டு இன்னொரு நாள் வந்து பாக்கலாம்.

நோட்டுல இத மேலேருந்து கீழ ஏணி மாதிரி எழுதுங்க, வருஷம் இடது பக்கம். ஏணிப்படி ரெண்டுக்கு நடுவுல இடம் விடுங்க, அடுத்த வேலை அங்கதான்.

அஞ்சாவது படி, பாலம் கட்டறது

ஒரு அர்த்தம் இன்னொண்ணா மாறினா நடுவுல யாரோ ஒரு மனுஷன் எங்கேயோ ஒரு மேஜை முன்னாடி நின்னுக்கிட்டு அத மாத்தியிருப்பான். அந்த மேஜைய கண்டுபிடிக்கறதுதான் இந்த வேலையிலேயே ருசியான பகுதி. செக் விஷயத்துல நெஜமாவே ஒரு மேஜை இருக்கு.

பிரிட்டன் நிதி மந்திரிக்கு சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்னு பேரு, செய்தியில கேட்டிருப்பீங்க. எக்ஸ்செக்கர்னா என்ன? பழைய ஃபிரெஞ்ச்ல "எஸ்செக்கியே"ன்னா செஸ் போர்டு. நாட்டோட கஜானாவுக்கு செஸ் போர்டுன்னு ஏன் பேரு வெச்சாங்க? 12ஆம் நூற்றாண்டுல ரெண்டாம் ஹென்றி ராஜாவுக்கு பொருளாளரா இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எக்ஸ்செக்கர் எப்படி நடக்குதுன்னு ஒரு புத்தகம் எழுதி வெச்சிருக்காரு, மாணவன் கேக்க ஆசிரியர் சொல்ற மாதிரி. அதுல மாணவன் இதே கேள்விய கேக்கறான். அக்கா பொண்ணுகிட்ட சொன்னேன், நீ கேட்டத 800 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பையன் கேட்டிருக்கான்னு, அவளுக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஆசிரியர் சொல்ற பதில் என்னன்னா, அங்க ஒரு மேஜை இருக்கு, ஏறக்குறைய பத்தடி நீளம் அஞ்சடி அகலம், மேல வெச்சது கீழ உருண்டு விழாம இருக்க சுத்தி நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேல ஒரு கருப்புத் துணி விரிப்பாங்க, அதுல ஒரு அடிக்கோ ஒரு சாணுக்கோ ஒரு கோடு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்கற பத்தி ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பு, அதுல காசு மாதிரி வட்ட வில்லைய வெச்சு எண்ணுவாங்க. வலது கோடியில பென்னி, அடுத்தது ஷில்லிங், அடுத்தது பவுண்டு, அப்புறம் இருபது, நூறு, ஆயிரம்னு போகும். 12 பென்னி ஒரு ஷில்லிங், அதனால பென்னி பத்தியில 11 வில்லைக்கு மேல இருக்காது, 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, அதனால ஷில்லிங்ல 19க்கு மேல இருக்காது. அன்னிக்கு அவங்க கணக்கு எழுதினது ரோமன் எண்ல, அத வெச்சு கூட்டிக் கழிக்கறது பெரிய அவஸ்தை, பூஜ்யமே கிடையாது. அதனால வில்லைய வெச்சு துணி மேலேயே கணக்கு, நம்ம பசங்க மணிச்சட்டத்துல பண்ற மாதிரி. ஒவ்வொரு மாவட்டத்து ஷெரிஃபும், அதாவது ராஜாவுக்கு சேரவேண்டிய பணத்த வசூல் பண்ற அதிகாரியும், வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து அந்த மேஜை முன்னாடி உக்காரணும். அவன் கட்ட வேண்டிய தொகை ஒரு வரிசையில வில்லையா இருக்கும், கட்டினது அதுக்கு கீழ இன்னொரு வரிசை, மேலேருந்து கீழ கழிச்சா பாக்கி எல்லார் கண்ணுக்கும் தெரியும், எழுதப் படிக்க தெரியாதவனுக்கும் தெரியும்.

அந்த ஆசிரியர் இன்னொண்ணும் சொல்றாரு, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. செஸ் போர்டுல ரெண்டு ராஜா மோதற மாதிரி இந்த மேஜையில பொருளாளரும் ஷெரிஃபும் மோதறாங்க, மத்தவங்க சுத்தி உக்காந்து நடுவர் மாதிரி பாக்கறாங்கன்னு. சரிபாக்கறதுங்கற வேலைக்குள்ள ஒரு ஆட்டமே இருக்குன்னு அன்னிக்கே பாத்திருக்காங்க.

கட்டம் போட்ட துணிக்கு செக்குன்னு பேரு வந்ததும் இந்த செஸ் போர்டு சொல்லுலேருந்துதான், செக்கர்ங்கறது சுருங்கி செக் ஆச்சு. 2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ சென்னையில நேப்பியர் பாலத்துக்கு கருப்பு வெள்ளை கட்டமா பெயின்ட் அடிச்சாங்களே, அத பாத்தவங்களுக்கு இத விளக்கவே வேண்டாம். நம்ம கட்டம் போட்ட கைத்தறிய வெளிநாட்டுக்காரங்க மெட்ராஸ் செக்ஸ்னு சொன்னாங்க, நைஜீரியாவுல கலபாரி ஜனங்க கல்யாணம் சாவுன்னு எல்லாத்துக்கும் அந்த துணிய உபயோகிக்கறாங்க, அவங்க வெச்ச பேரு "இஞ்சிரி". சதுரங்கம் போன திசையில சுத்தி வந்த ஒரு சொல்லு மறுபடியும் நம்ம தறிமேல வந்து உக்காந்துச்சு.

இப்போ காசு. ஷெரிஃபு பணம் கட்டினா ரசீது குடுக்கணுமே, பேப்பர் கிடையாது. ஒரு மரக்குச்சில வெட்டு போடுவாங்க. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை தடிமன், நூறுக்கு கட்டைவிரல் அகலம், இருபதுக்கு சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முத்தின வாற்கோதுமை மணி அளவு. வெட்டு போட்டதும் குச்சிய நீளவாக்குல ரெண்டா பிளந்து ஆளுக்கு ஒண்ணு. திரும்ப சேத்து வெச்சா வெட்டு ரெண்டும் பொருந்தணும், எவனாவது கூட ஒரு வெட்டு போட்டா மாட்டிக்குவான். இதுக்கு பேரு டேலி. நம்ம கடைக்காரர் "கணக்கு டேலி ஆகல"ன்னு சொல்றது இந்த குச்சியத்தான். இந்த குச்சி முறைய 1826ல கைவிட்டு, சேந்து கிடந்த பழைய குச்சிய 1834 அக்டோபர் 16 அன்னிக்கு பார்லிமென்ட் கட்டடத்து அடுப்புல போட்டு எரிச்சாங்க, சூடு தாங்காம கட்டடமே பத்திக்கிட்டு எரிஞ்சுபோச்சு.

குச்சி போய் காகிதம் வந்தப்போவும் யோசனை அதேதான். 18ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல, பண ஆணைச் சீட்டோட இந்த பக்கம் நம்மகிட்டயே நிக்கற துண்டு இருக்கு பாருங்க, கவுண்டர்ஃபாயில், அதுக்குத்தான் முதல்ல செக்னு பேரு. ஏன்னா அது மோசடிய தடுக்குது. பேங்க்ல பணம் கட்டும்போது சலானோட ரெண்டு பக்கமும் எழுதி குடுக்கறோம், கேஷியர் ஓட்டை போட்ட கோட்டுல கிழிச்சு ஸ்டாம்ப் அடிச்சு சின்ன துண்ட நம்ம கையில குடுப்பாரு. அந்த சின்ன துண்டுதான் அசல் செக். அப்புறம் பேரு துண்டுலேருந்து முழு சீட்டுக்கு பரவிடுச்சு. எக்ஸ்செக்கர சாயல்ல வெச்சு பிரிட்டிஷ்காரங்க க்யூ எழுத்து போட்டு வேற மாதிரி எழுத ஆரம்பிச்சாங்க, நாமளும் அதையே எழுதறோம், அமெரிக்காக்காரங்க இன்னிக்கும் சாதா செக் மாதிரியேதான் எழுதறாங்க. அதனால ரெண்டு எழுத்துக்கூட்டல் இருந்தாலும் சொல்லு ஒண்ணுதான்.

அக்கா பொண்ணு என் செக் புக்க எடுத்து கிழிச்ச இடத்துல ஒட்டிக்கிட்டிருந்த துண்ட விரலால தடவிப் பாத்துட்டு "அப்போ கிழிச்சு குடுத்தது செக் இல்ல, இதுதான் செக்"ன்னா. அவ்ளோதான், புரிஞ்சுடுச்சு அவளுக்கு.

வட்டம் போட்டு வெச்ச செக்போஸ்ட் ஞாபகம் இருக்கா? நிறுத்தறதுலேருந்து சரிபாக்கறதுக்கு போற பாலம் அதேதான், போறவன நிறுத்தி சரியான்னு பாத்து அனுப்பறது. இதுக்கு நேரெதிர் திசையில நடந்த ஒரு சொல்லும் இருக்கு, கன்ட்ரோல். அது "எதிர்ச் சுருள்"ங்கற லத்தீன்லேருந்து வந்தது, கணக்குக்கு ஒரு நகல் சுருள் வெச்சுக்கிட்டு அசலோட ஒத்துப் பாக்கறது. முதல்ல சரிபாக்கறது, அப்புறம் அடக்கி வெக்கறது. செக் அடக்கறதுல கிளம்பி சரிபாக்கறதுக்கு வந்துச்சு, கன்ட்ரோல் சரிபாக்கறதுல கிளம்பி அடக்கறதுக்கு போச்சு, ரெண்டும் வழியில ஒண்ண ஒண்ணு தாண்டிப் போயிருக்கு. நம்ம நாட்டு தலைமை கணக்குத் தணிக்கையாளரோட பதவிப் பேருல கம்ப்ட்ரோலர்னு இருக்கே, அதுல அந்த பழைய கணக்கு வாசனை இன்னும் இருக்கு.

ஆறாவது படி, அழகான கதைய சந்தேகப்படறது

சொல்லோட வரலாறு தேட ஆரம்பிச்சா ஃபார்வர்ட் மெசேஜ்ல நூறு கதை வரும். செக்மேட்னா "ராஜா செத்துட்டார்"னு பரவலா சொல்லுவாங்க. அரபுல "மாத"ன்னா செத்தான்ங்கறது உண்மைதான். ஆனா பாரசீகத்துல "மாத்"ன்னா வழி தெரியாம திகைச்சு நிக்கறதுன்னு அர்த்தம். ஆட்டத்த நினைச்சுப் பாருங்க, செஸ்ல மத்த எல்லா காயையும் வெட்டுவோம், ராஜாவ வெட்டறதே இல்ல, நகர இடமில்லாம நின்னாலே ஆட்டம் முடிஞ்சுது. எனக்கு பாரசீக அர்த்தம்தான் பொருத்தமா படுது. புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, எந்தக் கதை வந்தாலும் மூணு கேள்வி கேளுங்க: எழுத்துல முதல் முதலா எப்போ கிடைக்குது, ஒலி மாற்றம் மத்த சொற்கள்லயும் இதே மாதிரி நடந்திருக்கா, அர்த்தம் மாறின இடத்துல பாலம் தெரியுதா. மூணுல ஒண்ணு உதைச்சாலும் நோட்டுல பென்சில்ல எழுதுங்க, பேனாவுல வேண்டாம்.

ஏழாவது படி, நம்ம வாய்க்கு திரும்பி வர்றது

இங்கிலீஷ் சொல்லு தமிழுக்குள்ள வந்தப்புறமும் அது பாட்டுக்கு வாழுது, அதையும் எழுதி வைங்க. "செக் பண்ணு"ன்னா சரிபாக்கறது. "செக் குடு"ன்னா பேங்க் சீட்டு. "செக் வை"ன்னா? அங்கதான் எனக்கு சிலிர்த்துப் போச்சு. இன்னிக்கு இங்கிலீஷ் பேசறவங்க ஒருத்தர நெருக்கடியில மாட்டிவிட்டா செக் வெச்சான்னு சொல்றது அபூர்வம், அந்த உருவகமே தேஞ்சு அடக்கறதா மாறிடுச்சு. நம்ம டீக்கடையில பேப்பர் படிக்கறவர் "பாத்தியா, தலைவருக்கே செக் வெச்சுட்டான்"னு சொல்லும்போது 1300கள்ல இங்கிலாந்துல இருந்த அதே அர்த்தம், ராஜாவ நகர விடாம காய வெக்கறது, முழு உயிரோட இருக்கு. துணைக்கு நிக்கற வினைச்சொல்ல மாத்தி மாத்தி மூணு அர்த்தத்தையும் குழப்பமே இல்லாம தனித்தனியா வெச்சுக்கிட்டது தமிழோட சாமர்த்தியம். உங்க நோட்டுல இந்த மாதிரி பண்ணு, குடு, வை, போடு, ஆகு எதெது கூட சேருதுன்னு ஒரு பத்தி ஒதுக்குங்க.

அடுத்த சொல்லா எத எடுக்கறதுன்னு கேட்டா, பில் எடுக்கலாம், அது லத்தீன்ல முத்திரையிலேருந்து கிளம்புது. பேங்க் எடுக்கலாம், அது இத்தாலியில காசு மாத்தறவன் போட்டு உக்காந்த பெஞ்சுலேருந்து. ஆனா முதல் தடவை தனியா தேடறவங்களுக்கு டிக்கெட்தான் நல்லது, அக்கா பொண்ணுக்கும் அதத்தான் குடுத்தேன். பஸ் டிக்கெட்டும், சபையில எப்படி நடந்துக்கணும்னு சொல்ற எட்டிக்கெட்டும் ஒரே ஃபிரெஞ்ச் சொல்லோட ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணு சீக்கிரமா இங்கிலாந்து போச்சு, இன்னொண்ணு 18ஆம் நூற்றாண்டுல போச்சு. டிக்கெட்டுக்கு முன்னாடி இருந்த "எஸ்" எங்க போச்சு, ஒட்டற சீட்டு எப்படி மரியாதை விதியா ஆச்சு, இந்த ரெண்டையும் இன்னிக்கு ராத்திரி தேடிப் பாருங்க.